நம்ம ஊர்க் கடை கூகுளில் கண்ணில் பட என்ன செய்யணும்? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் சின்னச் சின்னக் கடைகளுக்கும் தொழில்களுக்கும் இணையதள வேலை பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அல்வாக் கடை, கருப்பட்டி வியாபாரம், குற்றாலத்து லாட்ஜ், பத்தமடைப் பாய், ஏசி மெக்கானிக் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு எது வேண்டுமோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் "பக்கத்தில் என்னதான் எழுதுவது" என்ற கேள்வியை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடைப் பேரை அப்படியே போட்டுத் தேடினாலும் எங்கள் இணையதளம் வரவில்லை. ஏன்?

அப்படியென்றால் உங்கள் தளம் பின்னால் கிடக்கிறது என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் கூகுளின் கணக்கிலேயே இல்லை. தேடுபொறி மூன்று வேலை செய்கிறது. முதலில் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் படிக்கும், பிறகு படித்ததைத் தன் அட்டவணையில் ஏற்றி வைக்கும், யாராவது தேடும்போது அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்தும். அட்டவணையில் ஏறாத பக்கம் எந்த ஜென்மத்திலும் தேடலில் வராது.

புதுத் தளங்களில் நான் அதிகம் பார்க்கிற காரணம் ஒன்று உண்டு. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் தளம் செய்கிறவர்கள், வேலை முடியும்வரை யாரும் பார்க்க வேண்டாம் என்று "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற கட்டத்தில் டிக் போட்டு வைப்பார்கள். அமைப்புகளில் வாசிப்பு என்ற பகுதிக்குள் அது இருக்கும். வேலை முடிந்து, காசும் வாங்கிய பிறகு அந்த டிக்கை எடுக்க மறந்துபோகும். கடைக்காரர் மாதக்கணக்கில் காத்துக்கொண்டிருப்பார். முதலில் அதைப் பாருங்கள்.

அட்டவணையில் ஏறியிருக்கிறதா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். உங்கள் தளம் உங்களுடையதுதான் என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால் எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, எது ஏறவில்லை, ஏறாததற்குக் காரணம் என்ன என்று எல்லாம் காட்டும். ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்துத் தனியாகச் சோதிக்கலாம், "இதை வந்து படி" என்று கோரிக்கையும் வைக்கலாம். தளத்தில் என்னென்ன பக்கங்கள் உண்டு என்று பட்டியலிடும் சைட்மேப் கோப்பையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. மக்கள் என்ன சொல்லைத் தட்டித் தேடியபோது உங்கள் பக்கம் வந்தது, எத்தனை பேர் கண்ணில் பட்டது, எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்ற விவரம் 16 மாதத்துக்கு இருக்கும். நாம் நினைத்துக்கொண்டிருக்கிற சொல் ஒன்று, ஜனங்கள் தேடுகிற சொல் வேறொன்று என்பது அதைத் திறந்த அன்றைக்கே தெரிந்துவிடும்.

கூகுளுக்குப் பணம் கட்டினால் மேலே வருமா?

விளம்பரம் கொடுத்தால் விளம்பரம் வரும், பக்கத்தில் "ஸ்பான்ஸர்டு" என்று போட்டு. பணம் நின்றால் அதுவும் நிற்கும். கீழே இயல்பாக வரும் முடிவுகளின் வரிசைக்கும் விளம்பரக் காசுக்கும் சம்பந்தமே கிடையாது.

பக்கத்தில் என்னதான் எழுதுவது? எங்களுக்கு எழுத வராதே.

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

பத்தமடைப் பாய் விற்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் தளத்தைத் திறந்தால் "தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்று இருக்கும். நாலு படம், ஒரு போன் நம்பர். அந்த வாசகத்தை இரும்புக் கடைக்கும் போடலாம், பல் ஆஸ்பத்திரிக்கும் போடலாம். அதைப் படித்துவிட்டு இது எந்தத் தேடலுக்கு ஏற்ற பக்கம் என்று கூகுள் எப்படிக் கண்டுபிடிக்கும்?

அதே மனிதருக்குப் போன் வரும்போது கேட்டுப் பாருங்கள். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேர் நெய்து தருவீர்களா, எத்தனை நாள் முன்னால் சொல்லணும், பேர் தமிழில் வருமா, சாயம் போகுமா, மடித்து வைக்கலாமா, சுருட்டித்தான் வைக்கணுமா, துபாய்க்கு அனுப்புவீர்களா, சாதாப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேள்வி வரும். அவரும் அசராமல் பதில் சொல்வார். கோரையை மெல்லிசாகப் பிளந்து ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட வேண்டும், இழை எவ்வளவுக்கெவ்வளவு சன்னமோ அவ்வளவுக்கவ்வளவு நாள் பிடிக்கும், ஒரு அகலத்துக்குள் எத்தனை பாவு நூல் ஓடுகிறது என்பதில்தான் விலையே இருக்கிறது என்று பத்து நிமிஷம் பேசுவார். வெளியூரில் உட்கார்ந்து மகளுக்குச் சீர் வாங்க நினைக்கிற ஒரு அம்மா ராத்திரி பதினொரு மணிக்குப் போனில் தேடுவது இதைத்தான். ஆனால் இது ஒன்றுகூடத் தளத்தில் கிடையாது. எல்லாம் அவர் வாயில் இருக்கிறது.

நம்ம ஊர்ச் சரக்கு விஷயத்தில் எனக்கு உள்ள பெரிய ஆதங்கமே இதுதான். தெரிந்தவர்கள் எழுதுவதில்லை. எழுதுகிறவர்கள், பாயைக் கையால் தொட்டுப் பார்க்காத வெளியூர் விற்பனைத் தளக்காரர்கள். அவர்கள் எழுதி வைத்ததால் அவர்கள் மேலே வருகிறார்கள். தேடுபொறியிடம் இருப்பதைத்தான் அது காட்ட முடியும்.

எனவே ஒரு வாரத்துக்குக் கடைப் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். யார் என்ன கேட்டாலும் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். வாட்ஸப்பில் வந்த கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நீங்கள் சொல்கிற பதிலைப் போனில் பேசிப் பதிவுசெய்து, குரலை எழுத்தாக்கும் வசதியில் போட்டுத் திருத்துங்கள். எழுத வராதவர்களுக்கு இது நன்றாகக் கைகொடுக்கும். ஒரு கேள்விக்கு நிறையச் சொல்ல இருந்தால் அதற்குத் தனிப் பக்கம் போடுங்கள், கொஞ்சமாக இருந்தால் பொருளின் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். விலையைச் சொல்லுங்கள். முழு விலை சொல்ல முடியாவிட்டால் எதிலிருந்து எதுவரை என்றாவது சொல்லுங்கள். விலையை மறைத்தால் போன் வரும் என்று நினைக்கிறார்கள், வருகிறவர் அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறார்.

தலைப்புக்கு என்ன போடணும்?

பாதித் தளங்களில் எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு "முகப்பு" அல்லது வெறும் கடைப் பெயர். தேடலில் நீலமாகத் தெரிகிற அந்த வரியை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். "மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய், பத்தமடை" என்று போட்டால் மனுஷனுக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். தலைப்பு சரியில்லையென்று பட்டால் கூகுள் தானாகவே வேறு தலைப்பை மாற்றிக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடியில் வரும் சின்ன விளக்கம் வரிசையை உயர்த்தாது, ஆனால் தட்டலாமா வேண்டாமா என்று ஜனங்கள் முடிவெடுப்பது அதைப் படித்துத்தான், ஆகவே அக்கறையாக எழுதுங்கள்.

கீவேர்டு, அதாவது ஜனங்கள் தேடுகிற சொல், நிறையப் போட்டால் நல்லதுதானே?

இல்லை. பக்கத்தின் உள்ளே மறைவாகக் கீவேர்டு பட்டியல் போடும் குறியைக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்னும் அதற்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். "திருநெல்வேலி அல்வா, சிறந்த திருநெல்வேலி அல்வா, ஒரிஜினல் திருநெல்வேலி அல்வா" என்று ஒரே பத்தியில் பத்து தடவை எழுதுவது, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பது எல்லாம் விதிமீறல்.

தமிழில் எழுதணுமா, ஆங்கிலத்தில் எழுதணுமா?

வாங்குகிறவர் யார் என்று பாருங்கள். வள்ளியூரில் டிராக்டர் ரிப்பேர் செய்கிறவருக்குத் தமிழ் போதும். வெளிமாநிலம், வெளிநாட்டுக்கு அனுப்புகிறவருக்கு ஆங்கிலமும் வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் தனித்தனிப் பக்கமாக வைத்து, எது எந்த மொழி என்று எச்ரெஃப்லாங் என்ற குறியால் ஒன்றோடொன்றை இணைக்கச் சொல்லுங்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் தானாக மொழிபெயர்க்கும் கருவியை மாட்டிவிட்டு "எங்கள் தளம் தமிழிலும் உண்டு" என்று நினைக்காதீர்கள், அதில் பெரும்பாலும் தமிழ்ப் பக்கம் என்று தனியாக ஒன்று இருப்பதே இல்லை.

எழுத்துக்கூட்டல் நம்ம பக்கம் பெரிய தலைவலி. திருநெல்வேலியையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக அடிக்கிறார்கள், நெல்லை என்றும் தேடுகிறார்கள். பெரிய ஊர் என்பதால் அதைத் தேடுபொறி சமாளித்துக்கொள்ளும். சின்ன ஊருக்குத்தான் சிக்கல். சேரன்மகாதேவி என்று பலகையில் இருக்கும், ஜனங்கள் வாயில் சேர்மாதேவி. விக்கிரமசிங்கபுரத்தை வி.கே.புரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். குற்றாலத்தை வெள்ளைக்காரன் காலத்து எழுத்தில் தேடுகிறவர்கள் பாதி, உச்சரிப்புப்படி அடிக்கிறவர்கள் பாதி, அந்த இரண்டாவது எழுத்துக்கூட்டல் மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்தோடு போய்க் குழம்பும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டு அதே மாதம் திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே எது சரியான எழுத்து என்ற வழக்குக்குள் போகாமல், ஜனங்கள் அடிக்கிற வடிவங்கள் ஒன்றிரண்டை வாக்கியத்தோடு வாக்கியமாக வரும்படி எழுதுங்கள். "குற்றாலம் மெயின் அருவியிலிருந்து நடக்கிற தூரம், தென்காசி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும்" என்று ஒரு வரி இருந்தாலே இது எந்த ஊர் என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழில்தான் எழுதியிருக்கிறோம், ஆனாலும் தமிழில் தேடினால் வரவில்லையே?

எழுத்துருவைப் பாருங்கள். அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே தளத்தில் ஒட்டியிருப்பார்கள். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று. கூகுள் படிப்பது உள்ளே இருப்பதைத்தான். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள், தமிழாக வந்தால் யூனிகோடு, கோணல்மாணலாக வந்தால் பழைய எழுத்துரு. மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துத் திருத்துங்கள், ஒற்றெழுத்து அங்கங்கே தாவியிருக்கும்.

இதற்கு அண்ணன் தம்பி, படத்துக்குள் எழுத்து. விலைப்பட்டியல், மெனு, சலுகை எல்லாவற்றையும் போஸ்டராக வடிவமைத்துப் படமாக ஏற்றிவிடுவது. படத்தில் உள்ளதைக் கீழே எழுத்தாகவும் கொடுங்கள். படத்துக்கு மாற்று உரை என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் படத்தில் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள். பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் செயலி வாசிப்பது அந்த வரியைத்தான், அதற்காகவாவது எழுத வேண்டும்.

கூகுள் மேப்பில் கடை வரணும். அதற்கு என்ன?

உள்ளூர் வியாபாரம் என்றால் இணையதளத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல், முன்பு கூகுள் மை பிசினஸ் என்று பேர். இதுவும் இலவசம். கடை உங்களுடையதுதானா என்று சரிபார்ப்பார்கள், இப்போது நிறையப் பேருக்கு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறது. தெரு, பெயர்ப்பலகை, கடைக்குள் நீங்கள் வேலை பார்ப்பது மூன்றும் ஒரே ஓட்டத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள்.

மேப் வரிசைக்குக் கூகுள் சொல்வது மூன்று: தேடியதற்குப் பொருந்துகிறதா, தேடுகிறவருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்ற இடம். இதில் தூரம் உங்கள் கையில் இல்லை. ஜங்ஷனில் நின்று தேடுகிறவருக்குப் பாளையங்கோட்டைக் கடை கீழேதான் வரும், அதற்காக யாரிடமும் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். உங்கள் கையில் இருப்பது சரியான வகை, சரியான நேரம், புதுப் படங்கள், ரிவ்யூவுக்குப் பதில். கடைப் பெயர் இடத்தில் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டும். "பெஸ்ட் ஏசி சர்வீஸ் இன் திருநெல்வேலி" என்றெல்லாம் பெயரோடு ஒட்டினால் யாராவது புகார் சொன்னால் புரொஃபைலே முடங்கலாம். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள், கடைக்கு ஆள் வராதவர்கள், வீட்டு முகவரியை மறைத்து எந்தெந்த ஊருக்குச் சேவை என்று மட்டும் காட்டலாம். பெண்கள் பலர் இது தெரியாமலே பதிவு செய்யாமல் இருக்கிறார்கள்.

நேரத்தைச் சரியாக வைப்பது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனித் தேரோட்டம் அன்று ரத வீதிகளில் உள்ள கடைக்கு எது திறப்பு, எது அடைப்பு என்பது வழக்கமான நாள் மாதிரியா இருக்கும்? சிறப்பு நேரம் என்று அந்த நாளுக்கு மட்டும் மாற்றி வைக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது மருந்துக் கடை எது திறந்திருக்கிறது, எந்தக் கடையில் பால் கிடைக்கும் என்று ஜனங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்கள். தற்காலிகமாக மூடல் என்ற வசதி இருக்கிறது, திறந்ததும் ஒரு அறிவிப்பும் போடலாம். இரண்டு நிமிஷ வேலை.

எங்கள் கடை தென்காசி மாவட்டம். ஆனால் சில இடத்தில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கிறது. பரவாயில்லையா?

திருத்திவிடுங்கள். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர். அதற்கு முன்னால் பதிந்த பட்டியல்கள், பழைய ஃபேஸ்புக் பக்கம், தளத்தின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் பழைய மாவட்டமே நிற்கும். கடைப் பெயர், முகவரி, போன் நம்பர் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். போன் நம்பர் மாறியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டு யாரோ எடுத்தால், அந்த வாடிக்கையாளர் இரண்டாம் தடவை உங்களைத் தேட மாட்டார்.

ரிவ்யூ போடுகிறவர்களுக்கு கால் கிலோ அல்வா கொடுக்கலாமா?

கூடாது. பொருளோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவது கூகுளின் விதிக்கு எதிரானது. கேட்பது தப்பில்லை. பில் போடும்போது "அண்ணாச்சி, பிடிச்சிருந்தா மேப்புல ரெண்டு வார்த்தை எழுதுங்க" என்று எல்லோரிடமும் ஒன்றுபோலச் சொல்லுங்கள், மேசையில் க்யூஆர் அட்டை வையுங்கள். திட்டி எழுதியவருக்கும் மரியாதையாகப் பதில் போடுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் அவர் மட்டும் கிடையாது, நாளைக்கு வரப்போகிற ஆட்களும்தான்.

ஊர் ஊருக்கு ஒரு பக்கம் போடச் சொல்கிறார்களே, மேலப்பாளையத்துக்கு ஒன்று, பேட்டைக்கு ஒன்று என்று?

ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தை நாற்பது பக்கத்தில் போடுவதற்கு வாசல் பக்கங்கள் என்று பெயர், அது கூகுளின் ஸ்பேம் பட்டியலில் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித் தனியாகச் சொல்ல உண்மையிலேயே ஏதாவது இருந்தால் தனிப் பக்கம் போடுங்கள். போர்வெல் போடுகிறவர் ராதாபுரம் பக்கத்துத் தண்ணீருக்கும் அம்பாசமுத்திரம் பக்கத்துத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதினால் அது இரண்டு பக்கத்துக்கு உரிய விஷயம்தான்.

குற்றாலத்தில் லாட்ஜ். சீசனுக்கு எப்போது எழுதணும்?

சீசன் ஜூனில் தொடங்கினால் பக்கம் ஏப்ரலிலேயே தயாராக இருக்க வேண்டும். கூகுள் வந்து படித்து, ஏற்றி, வரிசையில் நிலைக்க நாள் ஆகும். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த பிறகு எழுதினால் பலன் கிடைக்கிறபோது சீசன் முடிந்திருக்கும்.

எல்லோரும் விடுகிற இடம் இன்னொன்று. வருஷா வருஷம் "சீசன் 2024", "சீசன் 2025" என்று புதுப் பக்கம் போட்டுப் பழையதை அழித்துவிடுகிறார்கள். போன வருஷம் அந்தப் பக்கத்துக்குக் கிடைத்த இணைப்புகளும் மதிப்பும் அதோடு போகும். முகவரியில் வருஷமே வேண்டாம். ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு உள்ளே விவரத்தை மட்டும் புதுப்பியுங்கள். ஐயப்ப சீசனுக்குத் தனிப் பக்கம் வையுங்கள், அந்தக் கூட்டத்துக்கு வேண்டியதே வேறு: அதிகாலையில் குளிக்க வசதி, பஸ் நிறுத்த இடம், சைவச் சாப்பாடு. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றுக்கும் உங்கள் லாட்ஜிலிருந்து எப்படிப் போவது, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் அன்றைக்குப் பிள்ளைகளை வேறு எங்கே கூட்டிப்போகலாம் என்று எழுதுங்கள். ரூம் சர்வீஸ் பையன் தினமும் சொல்கிற பதில்தான் இது.

பேக்லிங்க் என்கிறார்களே, அது என்ன? விலைக்கு வாங்கலாமா?

வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது அதன் அடிப்படையே அதுதான், நாலு பேர் கை காட்டுகிற பக்கத்துக்கு மதிப்பு அதிகம். இன்றைக்கு அது பல அளவுகோல்களில் ஒன்று. வரிசைக்காக விலைக்கு வாங்குவது விதிமீறல். இப்படிச் சேர்த்தவற்றைப் பிடிக்கவே 2012-ல் கூகுளின் வரிசைப்படுத்தும் முறையில் பெங்குவின் என்ற மாற்றம் வந்தது. ஐயாயிரம் ரூபாய்க்கு ஆயிரம் இணைப்பு என்று வாட்ஸப்பில் வருவதை அழித்துவிடுங்கள்.

நியாயமான வழி நிறைய இருக்கிறது. உங்கள் வியாபாரிகள் சங்கத்துக்குத் தளம் இருந்தால் உறுப்பினர் பட்டியலில் இணைப்புக் கேளுங்கள். சரக்கு வாங்குகிற வெளியூர்க் கடையிடம் கேளுங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு பெற்றபோது எத்தனை பத்திரிகைகள் எழுதின! அப்படி எழுதுகிறவர்கள் விவரம் தேடி வரும்போது, மிட்டாய்க்குப் பாகு எப்படிக் காய்ச்சுகிறோம் என்று படத்தோடு விளக்கமாக ஒரு பக்கம் உங்களிடம் இருந்தால் இணைப்பு தானாக வரும்.

தளம் வேகமாக இருக்கணுமாமே?

ஆமாம், அதுவும் போனில். கூகுள் இப்போது மதிப்பிடுவது உங்கள் தளத்தின் கைபேசி வடிவத்தைத்தான். பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது வரிகள் மேலும் கீழும் குதிக்கக் கூடாது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் சோதிக்கலாம். நம்ம ஊர்த் தளங்களில் பெரும்பாலும் ஒரே வியாதி, போனில் எடுத்த படத்தைச் சுருக்காமல் அப்படியே ஏற்றுவது. படங்களைச் சுருக்கினாலே பாதி சரியாகும். முகப்பில் ஓடுகிற படவரிசையையும் எடுத்துவிடுங்கள். மணிமுத்தாறு தாண்டி சிக்னல் ஒரு கோடு காட்டுகிற இடத்தில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் நல்ல பரீட்சை. வேகம் மட்டும் உங்களை மேலே கொண்டுபோகாது, உள்ளே விஷயம் வேண்டும்.

எச்டிடிபிஎஸ் பூட்டு, அதாவது தளத்துக்கும் வருகிறவருக்கும் நடுவில் விவரம் பாதுகாப்பாகப் போகும் வசதி, இல்லாவிட்டால் உடனே போடுங்கள். தளத்தை வைக்க இணையத்தில் இடம் தரும் ஹோஸ்டிங் பலவற்றில் அது இலவசமாகவே வரும்.

ஏஐயிடம் சொன்னால் நூறு கட்டுரை எழுதித் தருகிறதே, ஏற்றிவிடலாமா?

எதை வைத்து எழுதினாய் என்று கூகுள் பார்ப்பதில்லை, படிக்கிறவருக்குப் பயன் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆனால் வரிசைக்காக மொத்தம் மொத்தமாகப் பக்கம் உற்பத்தி செய்வதை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், உடன்குடிக் கருப்பட்டியில் சீனி கலந்திருக்கிறதா என்று நீங்கள் உடைத்துப் பார்த்துச் சொல்கிற பக்குவம் அதற்குத் தெரியாது. பொதுவாக எல்லோருக்கும் சொல்கிறதையே உங்களுக்கும் சொல்லும். நீங்கள் பேசியதைத் திருத்தவும் ஒழுங்குபடுத்தவும் வைத்துக்கொள்ளுங்கள், விஷயம் உங்களுடையதாக இருக்கட்டும்.

கூகுளே மேலே பதில் சொல்லிவிடுகிறது. இனிமேல் யார் தளத்துக்குள் வருவார்கள்?

அந்தப் பதிலுக்கு ஏஐ ஓவர்வியூ என்று பெயர், இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. பொதுக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடுவதால் தட்டி உள்ளே வருகிறவர்கள் குறைவார்கள், உண்மைதான். "அல்வா என்றால் என்ன" என்ற பக்கத்துக்கு இனி மதிப்பில்லை. "இன்றைக்கு அனுப்பினால் பெங்களூருக்கு எப்போது வரும், எத்தனை நாள் கெடாது" என்பதற்கு உங்களிடம்தான் வர வேண்டும். அந்தப் பதில்களும் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துத்தான் வருகின்றன, அது உங்கள் பக்கமாக இருக்கட்டும்.

கேள்வி பதில் பகுதி போட்டால் தேடலில் விரிந்து தெரியுமா?

முன்பு தெரிந்தது. 2023 ஆகஸ்டில் அதை அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள். வாசகருக்காகப் போடுங்கள், அந்த அலங்காரத்துக்காக வேண்டாம்.

இன்ஸ்டாகிராம், யூடியூப் போதாதா?

சரக்கைக் கண்ணில் காட்ட அவை நல்லவை, விடாதீர்கள். ஆனால் அந்தக் கணக்கு ஒருநாள் முடங்கினால் எல்லாம் போகும். தளம் உங்கள் சொந்த இடம். நல்ல வீடியோ இருந்தால் அதைத் தளத்தில் பதித்து, அதில் பேசியதை அடியில் எழுத்தாகவும் போடுங்கள்.

புதுத் தளம் செய்தோம், இருந்த இடமும் போய்விட்டது. என்ன நடந்தது?

பழைய பக்கங்களின் முகவரி மாறியிருக்கும். பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதற்குரிய புது முகவரிக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பிவிடலால் இணைக்க வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட்டால் பலனில்லை. சர்ச் கன்சோலில் பழைய பட்டியலை எடுத்து இப்போதும் செய்யலாம்.

அப்படியே இதையும் பாருங்கள்: டொமைன், அதாவது உங்கள் தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிந்து வைத்திருப்பார். அவர் ஊரைவிட்டுப் போனாலோ மனஸ்தாபம் வந்தாலோ புதுப்பிக்க ஆளில்லாமல் உங்கள் முகவரி கைமாறிப் போகும். டொமைன், ஹோஸ்டிங், சர்ச் கன்சோல், பிசினஸ் புரொஃபைல் நாலும் உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்கிறவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. டிக் எடுக்க மறந்தது மாதிரியான கோளாறு என்றால் சில நாளிலேயே தெரியும்.

ஆள் வைத்துச் செய்யலாமா? எப்படி நம்புவது?

வைக்கலாம். "முதலிடம் உத்தரவாதம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். முதலிடத்தை யாராலும் உத்தரவாதமாகத் தர முடியாது, கூகுளே அப்படித்தான் எச்சரிக்கிறது. என்ன மாற்றம் செய்யப்போகிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். ரகசியம் என்றால் வேண்டாம். நல்ல ஆள் முதலில் உங்கள் தொழிலைப் பற்றிக் கேட்பார், யார் வாங்குகிறார்கள், எந்த மாதம் வியாபாரம், எதில் லாபம் என்று. கேட்காமலே விலை சொல்கிறவருக்கு உங்கள் கடையும் அடுத்த கடையும் ஒன்றுதான்.

கடையில் கம்ப்யூட்டரே இல்லை. போனை வைத்து எதுவரை செய்யலாம்?

முக்கால்வாசி செய்யலாம். பிசினஸ் புரொஃபைல் பதிவு, படம், நேரம், ரிவ்யூவுக்குப் பதில் எல்லாம் போனிலேயே நடக்கும். சர்ச் கன்சோலையும் போன் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். தளத்தில் எழுத்தை மாற்றுவதும் வேர்ட்பிரஸ் செயலியில் முடியும். 301 திருப்பிவிடல், எச்ரெஃப்லாங் மாதிரி ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் தெரிந்த பையன் யாரையாவது அரை நாள் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு ராத்திரி கடை அடைத்த பிறகு மேப்பில் உங்கள் கடையைத் திறந்து போன் நம்பர், நேரம், மாவட்டம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு, இன்று பகலில் எடுத்த படம் ஒன்றை ஏற்றுங்கள். நாளைக் காலையில் நோட்டு வாங்கிப் போன் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.